விதைப் பொட்டலமும் முதற்பாத்தியும்

வீட்டுக்கு வீடு காய்கறித் தோட்டம் வேண்டும் என்று கூறாத அரசாங்கத் துறை நம் நாட்டில் ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. வேளாண்மைத் துறை கூறுகிறது. கல்வித் துறை கூறுகிறது. குழந்தை நலத் துறையும் கூறுகிறது. இவ்வுபதேசம் புதியதன்று. 1943-ஆம் ஆண்டில் அதிக உணவு உற்பத்தி இயக்கம் தோன்றிய நாள்தொட்டு இது நம் செவிகளில் விழுந்து வருகிறது. 1965-இல் போரும் உணவுப் பற்றாக்குறையும் ஒருங்கே நெருக்கியபோது பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தமது இல்லத்துப் புல்வெளியையே உழுது பயிரிட்டார். 2018-இல் தொடங்கிய போஷண் அபியானும், 2019-இல் மத்திய அரசாங்கம் வெளியிட்ட பள்ளி ஊட்டச்சத்துத் தோட்ட வழிகாட்டு நெறிகளும் அதே வழியில் வந்தவையே.

இத்தனை ஆண்டுகள் எடுத்துக் கூறியும், தோட்டம் போடத் தொடங்கிய குடும்பங்களில் பல அடுத்த பருவத்தில் ஏன் அதனைக் கைவிட்டுவிடுகின்றன? மக்களின் சோம்பலே காரணம் என்று நம்மில் சிலர் விடையிறுப்பர். அது எளிய விடை; சரியான விடையன்று. புதியவரை நாம் தொடங்கி வைக்கும் முறையிலேயே பிழை இருக்கிறது என்பது எனது கருத்து.

வழக்கமாக நடப்பதைக் கூறுகிறேன். ஒரு விழா நடைபெறும். எட்டு அல்லது பத்து வகை விதைகள் அடங்கிய பொட்டலம் வழங்கப்படும். கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை, பீர்க்கு, முள்ளங்கி, கீரை ஆகிய யாவும் அதில் இருக்கும். புகைப்படம் எடுப்பார்கள். இத்தனை பொட்டலங்கள் வழங்கினோம் என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டு நாம் திரும்பிவிடுவோம். பொட்டலத்தைப் பெற்ற அம்மையார் கொல்லையில் ஓரிடத்தைக் கொத்தி, எல்லா விதைகளையும் ஒரே நாளில் தூவிவிடுகிறார். அவர்மீது குற்றமில்லை, வேறு விதமாகச் செய்ய வேண்டும் என்று அவருக்கு யாரும் கூறவில்லை. கத்தரியும் மிளகாயும் நாற்றங்காலில் வளர்ந்து பின்னர் நடப்பட வேண்டியவை. வெண்டை நேரே ஊன்ற வேண்டியது. பீர்க்குக்குப் பந்தல் வேண்டும். இவையெல்லாம் ஒரு பாத்தியில் நெருக்கிக்கொண்டு எழுகையில், கீரை மற்றவற்றை மூடுகிறது. பீர்க்கு கீரையை மூடுகிறது. எஞ்சியதைக் கோழியும் ஆடும் பார்த்துக்கொள்கின்றன. ஐம்பதாம் நாளில் அந்த அம்மையார், “எனக்குக் கைராசியில்லை, ஐயா” என்கிறார். கைராசி என்று ஒன்று இருப்பதை விஞ்ஞானம் ஒப்புவதில்லை. ஆயினும் முதல் முயற்சி பொய்த்தவர் மனத்தில் அது ஆழ வேரூன்றிவிடுகிறது. அதைக் களைவது கோரையைக் களைவதினும் கடினம்.

இப்படி நான் எழுதுவதற்கு என் சொந்த அனுபவமும் ஒரு காரணம். நான் முதன்முதலில் தோட்டம் போட்டது டில்லியில், அரசாங்கக் குடியிருப்பின் பின்புறத்தில். ஊரிலே தை பிறந்ததும் வெண்டை ஊன்றுவதைக் கண்டு வளர்ந்தவனாகையால், ஜனவரி நடுவில் நானும் ஊன்றினேன். இருபது நாள் ஆயிற்று. ஒரு முளையும் தலைகாட்டவில்லை. விதை விற்ற கடைக்காரரைப் பழித்தேன். மண்ணைக் கிளறிப் பார்த்தால் விதை ஊறி அழுகியிருந்தது. அடுத்த வீட்டில் இருந்த பஞ்சாபி மூதாட்டி சுவருக்கு மேலாக இதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “மகனே, ஹோலி கழியாமல் வெண்டை எழுமா? இப்போது வெந்தயத்தைப் போடு” என்றார். மண்ணின் வெப்பநிலை சுமார் 17 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இருப்பின் வெண்டை விதை முளைப்பதில்லை. டில்லியில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை 7, 8 டிகிரிக்கு இறங்குவது வழக்கம். தாவர நூலில் படித்த செய்திதான். கொல்லையில் அது என் நினைவுக்கு வரவில்லை. மூதாட்டியின் சொற்படி பிப்ரவரி முதல் வாரத்தில் வெந்தயமும் பாலக்கும் விதைத்தேன். ஐந்தாறு வாரத்தில் அறுத்துச் சமைத்தோம். மார்ச்சு நடுவில் ஊன்றிய வெண்டை ஒரு வாரத்தில் முளைத்தது. முதலில் அந்த வெந்தயக் கீரை கைகூடியிராவிட்டால், வெண்டையை நான் இரண்டாம் முறை ஊன்றியிருக்கமாட்டேன்.

ஆதலால் பட்டம் என்பது இடத்துக்கு இடம் மாறுவது என்பதைக் களப்பணியாளர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டும். கங்கைச் சமவெளியில் அக்டோபரில் விதைக்கும் பட்டாணியும், குளிர்காலக் காலிபிளவரும் வெப்பமான கடற்கரை மாவட்டங்களின் பொட்டலங்களிலும் இருக்கக் கண்டிருக்கிறேன். அச்சிட்ட அட்டவணை ஒன்றைத் தேசம் முழுமைக்கும் வழங்குவது அலுவலகத்துக்கு வசதியாக இருக்கலாம். விதைக்கு அது வசதியன்று. அவ்வூரில் பத்து ஆண்டுகளாகக் கொல்லைப் பயிர் செய்துவரும் ஒருவரைத் தேடிப் பிடித்து, எந்த மாதத்தில் எதை விதைக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வதே சிறந்த அட்டவணையாகும்.

இனி, தண்ணீர். இதுபற்றி நமது பிரசுரங்கள் ‘தேவைக்கேற்ப நீர் ஊற்றுக’ என்ற மூன்று சொற்களோடு நின்றுவிடுகின்றன. கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1 லிட்டர் நீருக்குச் சமம். கோடையில் நன்கு வளர்ந்த பயிரும் மண்ணும் சேர்ந்து நாளொன்றுக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர் நீரை ஆவியாக வெளிவிடும். அவ்வாறாயின் 10 சதுர மீட்டர் தோட்டத்துக்கு நாள்தோறும் 50 முதல் 60 லிட்டர் நீர் வேண்டும். அதாவது நான்கு குடம். தெருக்குழாயில் ஒரு மணி நேரம் மட்டும் நீர் வரும் ஊரில், ஏற்கெனவே வீட்டுத் தேவைக்குப் பத்துக் குடம் சுமக்கும் பெண்ணிடம் இன்னும் நான்கு குடம் சுமக்குமாறு கூறுகிறோம் என்பதை உணர்ந்து கூறுகிறோமா? தோட்டம் போடுங்கள் என்று சொல்லும் முன்னர், “இவ்வீட்டில் தண்ணீர் சுமப்பவர் யார்?” என்று வினவுவது நம் கடமை. அரிசியும் காய்கறியும் கழுவிய நீர் எந்தப் பாத்திக்கும் ஆகும். சவர்க்காரம் கலந்த நீரைக் கீரைப் பாத்திக்கு விடாது, வாழை அல்லது சேம்பின் அடிக்குத் திருப்பிவிடலாம். பாத்தியின்மீது காய்ந்த இலைகளையோ வைக்கோலையோ இரண்டு விரற்கடை கனத்துக்குப் பரப்பினால் ஆவியாகும் நீர் பெரிதும் குறையும். இத்தனைக்குப் பிறகும் நீர் போதாத வீட்டில், கடுங்கோடையில் பாத்தியைச் சும்மா விட்டுவிடுமாறு சொல்வதே நேர்மை.

பரப்பைப் பற்றியும் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் காய்கறி கிடைக்க 200 முதல் 250 சதுர மீட்டர் தோட்டம் வேண்டும் என்று தோட்டக்கலை நூல்கள் கூறுகின்றன. கணக்குச் சரியானதே. ஆனால் நிலமும் பழக்கமும் உடையவருக்கான கணக்கு அது. புதியவர் 5 சதுர மீட்டரில் தொடங்கட்டும் என்பேன். இரண்டு கயிற்றுக் கட்டில் போடும் இடத்தைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவே. இத்தனை சிறு இடத்தில் என்ன கிடைக்கும்? நாட்டின் சராசரிக் காய்கறி விளைச்சல் ஹெக்டேருக்குச் சுமார் 18 டன். அக்கணக்கில் 5 சதுர மீட்டரில் ஒரு போகத்துக்கு 9 கிலோ கத்தரிக்காயோ வெண்டைக்காயோ கிடைக்கும். மூன்று மாத உழைப்புக்கு அது ஒரு வாரச் சமையலுக்குத்தான் ஆகும். அதே இடத்தில் முளைக்கீரை விதைத்தால், சதுர மீட்டருக்கு 1 கிலோ என்று குறைத்து மதிப்பிட்டாலும், இருபத்தைந்து நாளில் 5 கிலோ கிடைக்கும். நாளுக்கு 200 கிராம். நால்வர் உள்ள வீட்டில் ஆளுக்கு 50 கிராம். சந்தைக்குப் போகும்போது உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் வாங்கிவிட்டு வாங்காமல் திரும்பும் பொருள் கீரைதான். வாங்கினாலும் மறுநாளுக்குள் வாடிவிடும். ஆகவே சிறு பாத்தி எதை நிரப்ப வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பாத்தியை ஐந்தாகப் பிரித்து, ஐந்து நாளுக்கு ஒரு பகுதியாக விதைப்பதே இதன் சூட்சுமம். ஒரே நாளில் விதைத்தால் ஒரே நாளில் முற்றும். தின்னவும் முடியாது, வைக்கவும் முடியாது. மண்ணை ஒரு மண்வெட்டி ஆழத்துக்குக் கொத்தி, சதுர மீட்டருக்கு 2 முதல் 3 கிலோ வரை நன்கு மக்கிய தொழு உரம் கலக்க வேண்டும். ‘மக்கிய’ என்ற சொல்லை அழுத்திக் கூறுங்கள். பச்சைச் சாணம் கரையானையும் வேர்ப்புழுவையும் விருந்துக்கு அழைப்பதாகும். கீரை விதை மிகச் சிறியது; ஒரு கிராமில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும். பத்து மடங்கு மணலோடு கலந்து தூவி, விதை மறையும் அளவுக்கு மண்ணைக் கையால் தடவிவிட்டுப் பூவாளியால் நீர் தெளித்தல் வேண்டும். குடத்திலிருந்து கொட்டினால் விதையெல்லாம் ஓர் ஓரத்தில் குவிந்துவிடும். எறும்பு விதையைத் தூக்கிச் செல்லும் இடங்களில் பாத்தியின் விளிம்பில் சாம்பல் தூவுவது பழைய வழக்கம். கீரைக்கு நாளில் மூன்று நான்கு மணி நேர வெயில் இருந்தாலும் போதும். காய்க்கும் செடிகளுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையலாகாது. நகரத்தில் மண் இல்லாதவர் அடியில் துளையிட்ட பழைய வாளியிலோ சாக்கிலோ இதையே செய்யலாம். சாக்கடை நீர் பாயும் இடத்தில் மட்டும் கீரை கூடாது; ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களைக் கீரை மண்ணிலிருந்து எளிதில் உறிஞ்சிக்கொள்ளும்.

இரண்டு முறை கீரை அறுத்த கை அடுத்த பயிருக்குத் தகுதி பெற்றுவிடுகிறது. அப்போது வெண்டையும் கொத்தவரையும் கொடுங்கள். கத்தரியையும் மிளகாயையும் விதையாகக் கொடாமல் நாற்றாகவே கொடுங்கள். ஒட்டு விதையா, இரகத் தூய்மை உள்ள விதையா என்பதையும் கூறிவிடுதல் நலம். வீரிய ஒட்டு விதையின் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போல் வாராது. இரகங்களிலும் பழம்பெருமையைப் பார்த்து விதை வாங்குவது தகாது. டில்லி இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் பூசா சவானி வெண்டை ஒரு காலத்தில் நரம்பு மஞ்சள் நோயைத் தாங்கி நின்று நாடெங்கும் பரவியது. பின்னர் அத்திறன் குன்றிப்போயிற்று. அதன்பின் வந்தவற்றுள் பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகாவும் ஒன்று. எந்த இரகமாயினும், நோய் கண்ட செடியை உடனே பிடுங்கிவிட வேண்டும். நோயைப் பரப்பும் வெள்ளை ஈக்களுக்கு, ஒரு லிட்டர் நீரில் 50 கிராம் இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பை ஓர் இரவு ஊறவைத்து வடித்த சாறு வீட்டுத் தோட்டத்துக்குப் போதுமானது. நாளையே பறித்துச் சமைக்கப்போகும் பாத்திக்குக் கடை மருந்தைப் பரிந்துரைக்கும் பணியாளரை நான் மன்னிக்கமாட்டேன்.

ஊட்டச்சத்தைப் பற்றிப் பேசும்போது நாம் சற்று அடக்கத்துடன் பேச வேண்டும். 2019-21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கும் இரத்தசோகை இருந்தது. கீரை உண்டால் இது தீர்ந்துவிடும் என்று மேடையில் கூறிவிடுகிறோம். கீரையிலுள்ள இரும்பில் சிறு பகுதியே உடலிற் சேர்கிறது. எலுமிச்சைச் சாறு, நெல்லி, கொய்யா போன்ற வைட்டமின் ‘சி’ உள்ளவற்றோடு உண்டால் கூடுதலாகச் சேரும். உணவோடு தேநீரோ காப்பியோ அருந்தினால் குறையும். கர்ப்பிணிக்குத் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரைக்குக் கீரை மாற்றாகாது. ஆனால் ஃபோலிக் அமிலத்துக்கும், சிறிது எண்ணெயோடு சமைத்தால் வைட்டமின் ‘ஏ’ ஆக உடல் மாற்றிக்கொள்ளும் சத்துக்கும் கீரை மிக நல்ல உணவு. உள்ளதை உள்ளபடி கூறினால் மக்கள் நம்புவார்கள். மிகைப்படுத்திக் கூறி, ஆறு மாதத்துக்குப் பின் இரத்தப் பரிசோதனையில் மாற்றம் காணாதபோது நம்பமாட்டார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். பள்ளித் தோட்டத்தை அழிப்பவை ஆடுகளல்ல, விடுமுறை. ஜூனில் ஆர்வத்தோடு தொடங்கிய தோட்டம் மார்ச்சுத் தேர்வில் மறக்கப்பட்டு, மே மாதத்தில் சருகாகிறது. மறு ஆண்டு வேறு மாணவர், வேறு ஆசிரியர், மீண்டும் முதலிலிருந்து. விடுமுறை தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பயிரைத் தேர்ந்தெடுங்கள். வெண்டைக்குத் தொண்ணூறு நாளேனும் வேண்டும். கீரைக்கு ஒரு மாதம் போதும். கடைசி முப்பது நாளில் புதிதாக எதையும் விதையாமல், பாத்தியை இலைச்சருகால் மூடிவிடுங்கள். முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி ஆகியவற்றை வேலியோரமாக வைத்தால், வேர் ஆழ ஊன்றியபின் அவை விடுமுறையைத் தாங்கும். பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம்.-1 செடிமுருங்கை விதைத்த ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். கீரைக்கோ அவ்வளவு காத்திருக்க வேண்டுவதில்லை. குளிர்காலத்தில் நெடுவிடுமுறை விடும் மலைப் பிரதேசப் பள்ளிகளுக்கு இக்கணக்கு முற்றிலும் மாறும். இன்னொன்று: பிழை செய்த மாணவனைத் தண்டனையாகத் தோட்டம் கொத்த அனுப்பும் வழக்கம் சில பள்ளிகளில் உண்டு. அவன் வளர்ந்து வீடு கட்டியபின் கொல்லையைச் சிமெண்டு பூசிவிடுவதில் வியப்பில்லை.

பதிவேட்டைப் பற்றியும் கூற வேண்டும். வழங்கிய பொட்டலங்களின் எண்ணிக்கைக்கு ஒரு பத்தி இருக்கிறது. அதற்குப் பக்கத்தில், ‘இரண்டாம் முறை விதைத்த வீடுகள்’ என்று இன்னொரு பத்தி கோடு போட்டுக்கொள்ள மேலதிகாரியின் அனுமதி வேண்டுவதில்லை. பொட்டலம் கொடுத்த நாளில் செல்வதைவிட, விதைத்த பத்தாம் நாளில் ஒருமுறையும் இருபத்தைந்தாம் நாளில் ஒருமுறையும் அவ்வீட்டுக்குச் செல்வது பயன் தரும். பத்தாம் நாளில் முளை நெருக்கமாக இருந்தால் கலைத்துவிடக் காட்டித் தரலாம்; முளையே இல்லாவிட்டால், கையிலுள்ள விதையில் இன்னொரு சிட்டிகை கொடுத்துவிட்டு வரலாம். இருநூறு வீடுகளுக்கு இப்படிச் செல்ல இயலாது என்பீர்கள். உண்மைதான். இருபது வீடுகளுக்குச் செல்லுங்கள். மீதிப் பொட்டலங்களை அடுத்த பட்டத்துக்கு ஈரம் புகாத டப்பாவில் மூடி வையுங்கள்.