கண்ணைத் தருவதில் சாதி இல்லை, பெறுவதில்?

கண்புரை அறுவை முடிந்தும் பார்வை தெளியவில்லையா? "வயசாயிருச்சுல்ல, அவ்வளவுதான்" என்பதே நம் சேரிகளில் கிடைக்கும் பதில். பாம்பனில் மீன் கூடை சுமப்பவரும் கருவாடு காயவைப்பவரும் அதை நம்பி மூலையில் முடங்கிவிடுகிறார்கள். எல்லோரும் அப்படி முடங்க வேண்டியதில்லை என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

கருவிழியின் உட்புறத்தில் எண்டோதீலியம் என்ற ஒற்றை அடுக்குச் செல்கள் உள்ளன. கருவிழிக்குள் ஊறும் நீரை ஓயாமல் இறைத்து வெளியேற்றுவது அவற்றின் வேலை. அழிந்த செல்களுக்குப் பதில் புதியவை வருவதில்லை. ஃபூக்ஸ் நோயாலும், சிலருக்குக் கண்புரை அறுவையில் நேரும் சேதத்தாலும் அவை குறைந்துபோகும். கருவிழி நீர் கோத்து வீங்கும். காலையில் பார்வை புகைமூட்டமாக இருக்கும், பொழுது ஏற ஏறச் சற்றுத் தெளியும். முற்றினால் கொப்புளங்கள் உடைந்து வலிக்கும்.

முன்பெல்லாம் கருவிழி முழுவதையும் மாற்றித் தைத்தார்கள். நெதர்லாந்து மருத்துவர் கெரிட் மெல்லஸ் 2006-ல் அறிமுகப்படுத்திய டிமெக் முறையில், தானமாகக் கிடைத்த கருவிழியின் உட்சவ்வை மட்டும் உரித்து, சிறு கீறல் வழியே உள்ளே செலுத்தி, காற்றுக் குமிழால் ஒட்டவைக்கிறார்கள். மதுரை அரவிந்த் போன்ற பெரிய கண் மருத்துவமனைகளில் இத்தகைய சிகிச்சை உண்டு.

ஆனால் குமிழ் சவ்வைத் தாங்கிப் பிடிக்க, நோயாளி ஓரிரு நாள் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். சவ்வு கழன்றால் மறுபடியும் காற்று ஏற்ற வேண்டும். உடல் அதை நிராகரிக்காமல் இருக்க மாதக்கணக்கில், பலருக்கு ஆண்டுக்கணக்கில் சொட்டு மருந்து. இடையிடையே பரிசோதனை. பாம்பனிலிருந்து மதுரை சுமார் 160 கிலோமீட்டர். ஒவ்வொரு முறையும் நோயாளியின் கூலியோடு துணைக்கு வருபவரின் கூலியும் போகும். அறுவை இலவசமானாலும் அன்றாடக் கூலிக்காரருக்கு அது இலவசம் ஆகாது.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. இந்நோயைக் கண்டறிவதும், அறுவைக்குப் பிந்தைய பரிசோதனையும், சொட்டு மருந்தும் அங்கேயே நம் மக்களுக்குக் கிடைக்க வேண்டும். மதுரைக்குப் போயே ஆக வேண்டிய நாட்களுக்குப் பயணச் செலவும் இழந்த கூலியும் அரசு தர வேண்டும்.

கண் வங்கி சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை செல்கள் என்று எண்ணுகிறது. தந்தவர் ஊரா, சேரியா என்று அது கேட்பதில்லை. பெரும்பாலும் இரத்த வகைகூடப் பார்ப்பதில்லை. சுடுகாட்டையும் பிரித்து வைத்த சமூகத்தில், செத்தவரின் கண் மட்டும் சாதி தாண்டிப் போகிறது. இறந்த 6 மணி நேரத்துக்குள் கண்களை எடுத்தாக வேண்டும். நம் வீடுகளிலிருந்தும் தருவோம். நம் வீட்டுக் கண்களுக்கும் அந்தச் சவ்வு வந்து சேர வேண்டும். அதுவரை கேட்டுக்கொண்டே இருப்போம்.