படத்தின் கீழ் ஒரு பெயர்

எம்மூராகிய திருக்கோஷ்டியூரில் மாசித் தெப்பத்தன்று குளக்கரையெங்கும் அகல்விளக்குகள் ஒளிரும். மறுநாள் பத்திரிகையில் அக்காட்சியைக் கண்டு மகிழ்கின்றோம். நெரிசலில் நின்று அப்படத்தைப் பிடித்தவர் யாவரென்று எவரேனும் வினவுகின்றோமா?

இந்தியாவின் முதற் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் எனப் போற்றப்பெறும் ஹோமாய் வியாரவாலா அம்மையார் 1913-இல் நவசாரியிற் பிறந்தவர். அவர்தம் தொடக்கப் படங்கள் கணவர் பெயராலேயே வெளிவந்தன. 1947-இல் விடுதலை விழாவைப் படம் பிடித்த அவர், 1948 ஜனவரி 30-இல் காந்தியடிகளின் பிரார்த்தனைக் கூட்டத்திற்குச் செல்லாது போயினர். அதனை எண்ணிப் பின்னாளில் வருந்தினர். எழுதுவோன் பிறர்வாய்க் கேட்டும் எழுதலாம். படம் பிடிப்போனுக்கோ தப்பிய கணம் தப்பியதே. 1970-இல், உடன்தொழில் புரிவோரின் பண்பற்ற நடத்தையை வெறுத்து அம்மையார் தொழிலையே துறந்தனர். பத்ம விபூஷண் விருது அவரை அடைந்தது 2011-இல். மறுவருடமே அவர் மறைந்தார்.

ஒருவர் கண்டதைப் பல்லாயிரவர் காணச் செய்வதே இத்தொழிலின் இன்பம். அவ்வின்பத்தில் நமக்கும் பங்குண்டு. ஆதலின், நண்பர்காள், படத்தை வெளியிட்டுப் பெயரை மறைக்கும் பத்திரிகை, வேலை வாங்கிக் கூலி கொடாதவனை ஒக்கும். அச்சிட்ட பெயரைப் படியாத நாமும் அவனுக்குத் துணைநின்றவரே யாவோம்.