வயிற்றைக் கட்டலாம், மூச்சைக் கட்டலாமா?

கள்ளக்குறிச்சியில் இருந்து உளுந்தூர்ப்பேட்டை போகும் வழியில் இருக்கிறது, தியாகதுருகம். மலைக்கோட்டை உள்ள ஊர்.

இந்த ஊர் ஆனாலும் சரி, சுற்றிலும் உள்ள கிராமங்கள் ஆனாலும் சரி, வீட்டில் பிள்ளை பிறந்துவிட்டால் பழைய நூல் புடவைக்குத் தனி மதிப்பு வந்துவிடும்!

தொட்டில் கட்ட ஒரு புடவை. தாயின் வயிற்றைக் கட்ட இன்னொரு புடவை.

"நல்லா இறுக்கிக் கட்டு. இல்லேன்னா காத்துப் புகுந்து வயிறு பானையாயிடும்" என்பாள் பாட்டி.

இப்பொழுது பாட்டிக்குப் போட்டியாக "பெல்ட்" வந்துவிட்டது. கைப்பேசியைத் திறந்தால் விளம்பரம். "கட்டுங்கள்! சில நாளில் இடுப்பு சிறுத்துவிடும்!" என்கிறது.

யார் பேச்சைக் கேட்பது?

பாட்டி சொல்வதில் பாதி சரி. விளம்பரத்தில் அந்தப் பாதிகூட இல்லை.

காற்று புகுமா?

பிரசவம் ஆனதால் வயிற்றுக்குள் காற்று புகுவது இல்லை. வயிறு பெரிதாகத் தெரிவதற்கு முக்கிய காரணம், கர்ப்பப்பை.

பிள்ளை பிறந்தவுடன் கர்ப்பப்பை ஏறக்குறைய 1 கிலோ எடை இருக்கும். 6 வாரத்தில் அது 100 கிராமுக்கும் கீழே வந்துவிடும். அது தானாகவே சுருங்குகிறது. குழந்தை பால் குடிக்கும்போது இன்னும் நன்றாகச் சுருங்கும். புடவையா சுருக்குகிறது? இல்லை. ஆனால் பெயர் புடவைக்குப் போய்விடுகிறது!

இன்னொரு காரணமும் உண்டு. வயிற்றின் முன்பக்கம் இரண்டு பட்டையாகத் தசை இருக்கிறது. பிள்ளை வளர வளர, அவை இரண்டும் விலகி இடம் கொடுக்கின்றன. பிரசவத்துக்குப் பிறகு மெல்ல மெல்ல நெருங்கி வருகின்றன. அதற்குச் சில வாரம் ஆகலாம். சில மாதமும் ஆகலாம்.

அப்படியானால் கட்டு எதற்கு?

தாங்குவதற்கு! தளர்ந்த வயிற்றுக்கும், வலிக்கும் முதுகுக்கும் அது பிடிமானம். ஆபரேசன் செய்து பிள்ளை பெற்றவளுக்கு எழுந்து நடக்கவும் இருமவும் வலி குறையும். இந்த மட்டில் பாட்டியின் வைத்தியம் நல்ல வைத்தியமே.

ஆனால் கொழுப்பைப் புடவையாலும் கரைக்க முடியாது. பெல்ட்டாலும் கரைக்க முடியாது. பெல்ட்டுக்குள் வியர்த்தால் எடை குறைந்தது போலத் தெரியும். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் போன எடை திரும்பி வந்துவிடும்.

மேல்நாட்டுப் பெண்கள் 19-ம் நூற்றாண்டில் "கார்செட்" என்ற கச்சையைக் கட்டி மூச்சுத் திணறினார்கள். 1939-ல் வெளிவந்த "கான் வித் தி விண்ட்" படத்தில், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு இடுப்பை இறுக்கிக் கட்டச் சொல்வாள் கதாநாயகி. (அந்த வேடத்தில் நடித்த விவியன் லீ, நம் நாட்டு டார்ஜிலிங்கில் பிறந்தவர்!) மேல்நாட்டார் கழற்றி எறிந்த அந்தக் கச்சைதான், ரப்பர் பட்டையாக நம் வீட்டுக்கு வருகிறது.

எப்படிக் கட்டுவது?

சுகப்பிரசவம் என்றால் மறுநாள் முதலே தளர்வாகக் கட்டலாம். ஆபரேசன் என்றால் டாக்டரையோ, நர்சையோ கேட்காமல் கட்டக்கூடாது. தையல் உலர்ந்து இருக்க வேண்டும். தினமும் பார்க்க வேண்டும். கட்டின் ஓரம் தையலில் உரசக்கூடாது.

முதலில் சிறுநீர் கழித்துவிட்டு மல்லாந்து படுக்க வேண்டும். மெல்லிய நூல் துணியை இடுப்பு எலும்பில் இருந்து தொடங்கி மேலே சுற்ற வேண்டும். விலா எலும்புக்குக் கீழேயே நிறுத்திவிட வேண்டும்.

கட்டிய பிறகு இரண்டு விரல் உள்ளே நுழைய வேண்டும். நன்றாக மூச்சை இழுத்துவிட முடிய வேண்டும். முடியவில்லையா? தளர்த்துங்கள். "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று மாமியார் சொன்னாலும் தளர்த்துங்கள்!

முதல் நாள் அரை மணி நேரம் போதும். பிறகு இரண்டு மணி நேரம் வரை போகலாம். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கட்டு வேண்டாம்.

அளவு மீறி இறுக்கினால் என்ன ஆகும்? மேலே அமுக்கினால் நெஞ்சு எரியும், மூச்சு முட்டும். கீழே அமுக்கினால் அடிவயிற்றைத் தாங்கும் தசைகளுக்குப் பாரம். பிரசவத்தில் அவை ஏற்கனவே தளர்ந்தவை. இருமும்போது சிறுநீர் கசிவதும், கர்ப்பப்பை கீழே இறங்குவதும் இந்தத் தளர்ச்சியால் வருபவைதான். வெட்கப்பட்டு இதை வெளியே சொல்லாத பெண்கள் பலர்.

அந்தத் தசைகளுக்கு வலு தருவது பயிற்சிதான். சிறுநீரை அடக்குவதுபோல 5 எண்ணும் வரை இறுக்கி, பிறகு விட வேண்டும். மூச்சை விடும்போது வயிற்றை மெல்ல உள்ளே இழுக்க வேண்டும். படுத்தபடியே செய்யலாம். செலவு இல்லை.

தண்ணீர் மேல் என்ன கோபம்?

வயிற்றைக் கட்டுவதோடு சில வீடுகளில் வாயையும் கட்டிவிடுகிறார்கள். "தண்ணீர் குடித்தால் வயிறு போடும்" என்று, தாகத்தில் தவிக்கும் தாய்க்கு அரை டம்ளர் கொடுக்கிறார்கள்.

இது பெரிய கொடுமை. பால் கொடுப்பவளுக்குத் தாகம் அதிகம். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும். ரத்தம் உறையும் அபாயமும் கூடும். வயிறு மட்டும் குறையாது!

மனைவியின் வயிற்றைப் பார்த்துக் கேலி செய்யும் கணவர்கள் ஒரு காரியம் செய்யலாம். நாடாவை எடுத்துத் தங்கள் இடுப்பை அளந்து பார்க்கலாம். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேல் போனால் சர்க்கரை நோய்க்கும் இருதய நோய்க்கும் வாசல் திறக்கிறது என்கிறார்கள் டாக்டர்கள். பெண்களுக்கு அந்த அளவு 80. ஆனால் பிள்ளை பெற்ற சில வாரத்தில் அவளை அளக்க வேண்டாம். 9 மாதம் விரிந்த வயிறு 9 நாளில் அடங்குமா?

கட்டியிருக்கும்போது மயக்கம் வந்தாலோ, மரத்துப் போனாலோ உடனே அவிழ்த்துவிடுங்கள். காய்ச்சல், தையலில் சீழ், அதிக ரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல்... இவற்றில் எது வந்தாலும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது. கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் வரும். அதற்குக் காசு கிடையாது.