புகார் எண் வந்தது, ஆள் வரவில்லை



நாக்பூரில் சித்திரை பிறப்பதற்கு முன்பே வெயில் பிறந்துவிடும். அத்தகைய ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி நின்றுபோயிற்று. காலையில் அரைத்து வைத்த இட்லி மாவு மாலைக்குள் பொங்கி வழிந்து புளித்துவிட்டது. மாவு போனால் போகட்டும். பெட்டியின் கதவுத் தட்டில் என் அன்னையாருக்குரிய இன்சுலின் மருந்துக் குப்பிகள் இருந்தன. திறக்காத குப்பிகளை 2 முதல் 8 பாகை செல்சியசு வரையிலான குளிரில் வைத்திருத்தல் வேண்டும். வெளியிலோ 42 பாகை. தெருமுனை மருந்துக்கடைக்காரர் மனமிரங்கித் தம் கடைப்பெட்டியில் அவற்றை வைத்துக்கொண்டார். அன்றாடம் பயன்படுத்தும் குப்பியை மட்டும் ஒரு சம்புடத்தில் இட்டு, மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிட்டோம்.

ஒரு பொருள் பழுதாவது இயல்பு. அதற்காக எவரையும் நான் குறைகூறமாட்டேன். பழுதான பின்பு நிகழ்வனவற்றைப் பற்றியே என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தேன். இந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு என்று தொடங்கிய பட்டியலில் தமிழுக்கு ஏழு. ஏழை அழுத்தினேன். இசை ஒலித்தது. ‘தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது’ என்று ஒரு குரல் பிழையற்ற தமிழில் பதினைந்து நிமிடங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிற்று; பின்னர் இணைப்பு அறுந்தது. மனுநீதிச் சோழனின் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி தொங்கிய கதையை நீங்கள் அறிவீர்கள். கன்றை இழந்த பசு மணியின் கயிற்றை இழுத்தது. மன்னன் இறங்கி வந்தான். அப்பசுவை எவரும் ‘காத்திருக்கவும்’ என்று சொல்லவில்லை.

மீண்டும் அழைத்து ஒன்றை அழுத்தினேன். புகார் எண் ஒன்று குறுஞ்செய்தியாக வந்தது. ‘புகார்’ என்னும் இச்சொல் உங்களுக்கு வேறு வழியிலும் அறிமுகமானதே. கூவி அழைத்தலைக் குறிக்கும் இந்திச் சொல்லாகிய ‘புகார்’தான், உருதுவின் வழியாகத் தமிழுக்கு வந்து குறைகூறுதல் என்னும் பொருள் பெற்றது. நம் பழைய சொல் ‘முறையீடு’. கண்ணகி பிறந்த ஊர் புகார். அவள் முறையிட்ட ஊர் மதுரை. இவ்விரு புகாருக்கும் தொடர்பில்லை, தேர்வில் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மறுநாள் காலை பத்து மணி முதல் மாலை ஆறு மணிக்குள் பழுது நீக்குநர் வருவார் என்றார்கள். இதனை நேரம் என்று எங்ஙனம் கொள்வது? பகல் முழுவதையும் ஒருவர் வீட்டில் இருந்து காவல் காக்க வேண்டும். தாயும் தந்தையும் பணிக்குச் செல்லும் வீட்டில் அது ஒருவரின் ஒருநாள் விடுப்பு. எனக்கு அன்று தேர்வு மேற்பார்வை இருந்தது. ஆதலின் அன்னையார் மட்டும் வீட்டில் இருந்தார். பகல் பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. மறுமுனையில் இந்தி, இம்முனையில் திருநெல்வேலித் தமிழ். “பிள்ளைக பள்ளிக்கூடம் போயிருக்கு, நீங்க வாங்க தம்பி” என்றார் அன்னையார். அழைப்பு துண்டிக்கப்பட்டது. மாலையில் குறுஞ்செய்தி வந்தது: ‘தங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரங்கள் அளிப்பீர்கள்?’

தாமதத்தை நான் பொறுத்துக்கொள்வேன். எவரும் வாசற்படி மிதிக்காத நிலையில் தீர்ந்தது என்று எழுதுவது பொய். வகுப்பில் ஒரு மாணவன் செய்யாத வீட்டுப்பாடத்தைச் செய்ததாகச் சொன்னால் நாம் அதற்கு என்ன பெயர் இடுகிறோமோ, அதே பெயரை இதற்கும் இடலாம்.

தொலைபேசியை உங்கள் கையில் தந்து, ‘நீ பேசு’ என்று பெற்றோர் சொல்வது உங்களுள் பலருக்குப் பழக்கமான செயல். எரிவாயு உருளைக்கும், தண்ணீர் வடிகட்டிக்கும், கேபிள் இணைப்புக்கும் தானே பேசுவதாக ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் பெருமையோடு கூறினாள். அப்பெருமை நியாயமானதே. எனினும், மறுமுனையில் இருப்பவர் சினந்து பேசும்போது அச்சொற்களை முதலில் வாங்கிக்கொள்வது பதினொரு வயதுச் சிறுமியின் செவி. அவற்றுள் எதனைத் தாயிடம் சொல்வது, எதனை விழுங்குவது என்று அவளே முடிவு செய்கிறாள். இந்தச் சுமை அவளுடையதாக இருத்தல் கூடாது என்பது என் எண்ணம். அந்நிறுவனங்களின் விளம்பரங்கள் இனிய தமிழில் வருகின்றன. விற்கும்போது தெரிந்த மொழி, பழுது பார்க்கும்போது மறந்துபோவது ஏன்?

இரண்டாம் புகாருக்குப் பின், சனிக்கிழமை ஓர் இளைஞர் வந்தார். கம்ப்ரசர் செயலிழந்துவிட்டது என்று கண்டறிந்தார். பெட்டியின் முகப்பில் ‘பத்தாண்டு உத்தரவாதம்’ என்று பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. வாங்கி நான்காண்டுகளே ஆகியிருந்தன. ஆயினும் அவ்வுத்தரவாதம் கம்ப்ரசர் என்னும் உறுப்புக்கு மட்டுமே உரியது. வாயு நிரப்புதல், கூலி, வரி ஆகியவற்றுக்கு 3,200 ரூபாய் ஆகும் என்றார். உத்தரவாத அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது மெய். கடுகினும் சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது. தமிழாசிரியராகிய நானே நான்கு ஆண்டுகளாக அதனைப் படிக்கவில்லை.

கட்டண விவரத்தை எழுதித் தருமாறு கேட்டேன். அதற்குத் தமக்கு அதிகாரம் இல்லை என்றவர், உறுப்பு இரண்டு நாளில் வரும் என்றும், இப்போதே பணி நிறைவு எண்ணைச் சொல்லுமாறும் கேட்டார். கைப்பேசிக்கு வரும் நான்கு இலக்க எண் அது. அதனைச் சொல்லிவிட்டால் வேலை முடிந்ததென்று பதிவாகிவிடும். பெட்டி இன்னும் சூடாகத்தான் இருந்தது. நான் மறுத்தேன். எண் இல்லையேல் தம் அன்றைய உழைப்பு கணக்கில் வாராது என்றார் அவர். முடித்த வேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் ஒப்பந்தப் பணியாளராம். அன்று அவருக்கு இன்னும் ஏழு வீடுகள் இருந்தன. அன்னையார் ஒரு குவளை நீர்மோரை நீட்டி, “குடிச்சிட்டுப் போ தம்பி, வெயில்ல வந்திருக்க” என்றார். மொழி விளங்காவிடினும் அவர் வாங்கிக் குடித்து, “மாவ்ஷி” என்று கைகூப்பினார். அவர்மீது சினங்கொள்வதில் பொருளில்லை. நம் வீட்டு வாயிலில் நிற்பவர் அவர் ஒருவரே என்பதனால் நம் கோபம் முழுவதும் அவர்மேல் பாய்கிறது. விதி வகுத்தவரோ குளிரூட்டிய அறையில் இருக்கிறார்.

அன்று மாலை, ‘கட்டணம் செலுத்த வாடிக்கையாளர் மறுத்தார்’ என்று பதிவு செய்து இரண்டாம் புகாரையும் மூடிவிட்டனர். திங்களன்று நான் கடிதம் எழுதினேன். முதற்படியில் அலட்சியம், அக்கிரமம், அநியாயம் என்னும் மூன்று சொற்களும் ஒரே வரியில் இருந்தன. உங்கள் கட்டுரைகளைத் திருத்தும் அதே சிவப்பு மையால் அவற்றை அடித்தேன். பெட்டி வாங்கிய நாள், பற்றுச்சீட்டு எண், இரு புகார் எண்கள், எந்நாளில் யார் என்ன சொன்னார், எனக்கு வேண்டுவது யாது, எத்தனை நாளுக்குள் வேண்டும் என்பன மட்டும் எஞ்சின. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகன் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தான். கடிதம் பாதியாகச் சுருங்கிற்று, வலிமை இருமடங்காயிற்று.

நிறுவனத்திற்கு அனுப்பியதோடு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915-ஐயும் அழைத்தேன். அங்குத் தமிழிலும் முறையிடலாம். அது நீதிமன்றம் அன்று; நம் குறையை நிறுவனத்திடம் எடுத்துச்சென்று விடை கேட்கும். அதுவும் பயன்தராவிடில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொதுவாக எதிர்த்தரப்பினர் தொழில் நடத்தும் ஊரில்தான் வழக்கிட வேண்டியிருந்தது. 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டமோ, நாம் வாழும் ஊரிலேயே அல்லது பணிபுரியும் ஊரிலேயே முறையிட வழி செய்தது. சென்னையில் வாங்கிய பெட்டிக்கு நாக்பூரில் வழக்கிடலாம். மாற்றலாகி ஊர் ஊராகப் பெட்டி கட்டும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு இதனினும் பயனுள்ள திருத்தம் வேறில்லை என்பேன். பொருளின் விலை ஐந்து இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். இணையவழிக் கடையில் வாங்கிய பொருளாயின், அங்குள்ள குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் விதி உண்டு.

இடையில் ஓர் எச்சரிக்கை. சேவை எண்ணை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். மோசடிக்காரர்கள் போலி எண்களை அங்குப் பரப்பி வைத்துள்ளனர். உத்தரவாத அட்டையிலோ பற்றுச்சீட்டிலோ உள்ள எண்ணே நம்பத்தக்கது. ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்; காலந்தாழ்த்தினால் பணத்தை மீட்பது அரிது.

பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை மாலை, அதே இளைஞர் புதிய கம்ப்ரசரைத் தோளில் சுமந்து மூன்று மாடி ஏறி வந்தார். கட்டண விவரம் இம்முறை அச்சிட்ட தாளில் இருந்தது. 3,200 ரூபாயையும் செலுத்திப் பற்றுச்சீட்டுப் பெற்றேன். அதில் எனக்கு இன்னும் மனக்குறை உண்டு. வேலை முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. பணி நிறைவு எண்ணை என் மகன் ஒரு சீட்டில் எழுதிப் பாட்டியிடம் கொடுத்திருந்தான். அவர் அதனை முந்தானையில் முடிந்துவைத்திருந்தார். இளைஞர் கருவிகளை எடுத்து வைத்துவிட்டு அவரை நோக்கினார். அன்னையார் எழுந்து சென்று பெட்டியின் கதவைத் திறந்து, மேல்தட்டினுள் கைவிட்டுச் சிறிது நேரம் அப்படியே நின்றார். குளிர் கையில் பட்ட பின்னரே முடிச்சை அவிழ்த்துச் சீட்டை நீட்டினார்.