பாக்டீரியாப் பிளாஸ்டிக்கைப் பிரித்தெடுக்கும் முறை குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

பாக்டீரியாக்கள் தம் உடலில் திரட்டி வைக்கும் பொருளிலிருந்து மக்கும் பிளாஸ்டிக் செய்யும் தொழில் செழித்து வளர வேண்டுமென்பதே எங்கள் சங்கத்தின் விருப்பம். ஆயினும், அப்பொருளைச் செல்லுக்குள்ளிருந்து வெளிக்கொணர்ந்து சுத்தி செய்யும் காரியம் எவ்வாறு நடைபெறுகிறது என்பதை விசாரியாமல், முடிவில் கிடைக்கும் பண்டம் மண்ணில் மக்கும் என்ற ஒரே காரணத்தைக் கொண்டு அதற்குச் சலுகையும் நற்சான்றும் வழங்குவது தகாது என்பது எங்கள் தீர்மானமான அபிப்பிராயம்.

பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் மோரிஸ் லெமுவான் என்பவர் 1920களின் நடுவில் இனங்கண்ட பாலிஹைட்ராக்ஸிபியூட்டிரேட் என்னும் இப்பொருளை, ஆகாரம் மிகுந்தும் நைட்ரஜன் முதலிய சத்துக்கள் குறைந்தும் இருக்கும் வேளையில், சில பாக்டீரியாக்கள் நுண்மணிகளாகச் சேமித்துக்கொள்கின்றன. குப்ரியாவிடஸ் நெகேட்டர் என்னும் இனத்தில் இச்சேமிப்பு உலர்ந்த எடையில் 80 சதவீதத்தை எட்டுவதும் உண்டு. இவ்வளவு தாராளமாக விளையும் பொருள் சந்தையில் இன்னும் விலையுயர்ந்ததாகவே இருப்பதற்குப் பிரதான காரணங்களுள் ஒன்று, செல்லின் சுவர், புரதம், நியூக்ளிக் அமிலம் ஆகியவற்றினின்று அதனைப் பிரிப்பதிலுள்ள சிரமமே.

ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் முறை குளோரோபார்மில் கரைப்பது. கிடைக்கும் பிளாஸ்டிக் மிகச் சுத்தமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் நூற்றுக்கு ஐந்து பங்கு கரைந்த மாத்திரத்திலேயே கரைசல் கஞ்சியைப் போலக் கெட்டிப்பட்டு, செல் சக்கைகளை வடிகட்டவும் இடங்கொடாமல் நின்றுவிடுவதால், ஒரு கிலோ பிளாஸ்டிக்குக்கு ஏறக்குறைய இருபது கிலோ கரைப்பான் தேவைப்படுகிறது. பிறகு அக்கரைசலைப் பன்மடங்கு மெத்தனாலில் ஊற்றி வெண்ணிற நாராகப் படியச் செய்ய வேண்டும். இறுதியில் ஒன்றோடொன்று கலந்துவிட்ட இரு திரவங்களையும் காய்ச்சி வடித்துப் பிரிக்க மேலும் எரிபொருளைச் செலவிட வேண்டும். கரைப்பானைத்தான் திரும்பப் பெற்றுவிடுகிறோமே என்று உற்பத்தியாளர் சிலர் கூறும் சமாதானத்தை நாங்கள் ஏற்பதற்கில்லை. முற்றிலும் திரும்பப் பெறுவது எங்கும் சாத்தியமன்று, தப்பிச் செல்லும் ஆவியை முதலில் சுவாசிப்பவர் தொழிலாளரே.

சோடியம் ஹைப்போகுளோரைட்டைக் கொண்டு செல்லின் பிற பாகங்களைக் கரைத்துவிடும் முறை மலிவானது. ஆனால் அது பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலியையும் துண்டித்து அதன் பலத்தைக் குறைத்துவிடுகிறது. ஏற்கெனவே 175 பாகை செல்சியஸை ஒட்டி உருகி, அதற்குச் சற்று மேலேயே சிதையத் தொடங்கும் பொருளுக்கு இது சிறு குறையன்று.

வேறு வழி இல்லாமற் போகவில்லை. 1980களில் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் பயோபால் என்ற பெயரில் இவ்வகைப் பிளாஸ்டிக்கைத் தயாரித்தபோது, வெப்பம், என்ஸைம்கள், சலவைப்பொருள் ஆகியவற்றைக் கொண்டு நீரிலேயே சுத்தி செய்யும் முறையை உருவாக்கியது. அப்பிளாஸ்டிக்கினாலான ஷாம்பு புட்டிகள் 1990இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தன. கடும் உப்பில் வாழும் ஹாலோபெராக்ஸ் மெடிடெரானியை என்ற நுண்ணுயிரோ, நன்னீரில் இட்டவுடனே உடல் வெடித்துத் தன் சேமிப்பை வெளிப்படுத்திவிடுகிறது. இத்தகைய முறைகளிலும் கழிவுநீர்ப் பிரச்சினை உண்டு. எனினும் அது சுத்திகரிப்புக்கு உட்படக்கூடியது.

ஆகவே எங்கள் நிலைப்பாடு இது: சுத்தத்தின் அளவைப் பயனே நிர்ணயிக்க வேண்டும். வயலில் விரிக்கும் தாளுக்கும் பொட்டலம் கட்டும் உறைக்கும் செல்லின் சிறு மிச்சம் இருப்பதால் பெருந்தீங்கு இல்லை. அவற்றின் பொருட்டுக் குளோரின் சேர்ந்த கரைப்பான்களைப் பிரயோகிப்பதை அரசாங்கம் அனுமதிக்கலாகாது. அறுவைத் தையலிழை போன்ற, உடலுக்குள் வைக்கப்படும் சாதனங்களின் விஷயம் வேறு. கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாவின் புறச்சுவரிலுள்ள எண்டோடாக்சின் சிறிதளவு எஞ்சினாலும் நோயாளிக்குச் சுரம் காணுமாதலால், அங்கே எவ்வளவு செலவானாலும் முழுச் சுத்தி அவசியம். அதன் பொருட்டு வேறு வழி தேறாதவரை எந்தக் கரைப்பானையும், தக்க பாதுகாப்புடன், நாங்கள் ஆட்சேபிக்கவில்லை.

மக்கும் தன்மைக்குச் சான்றிதழ் கோரும் ஒவ்வொரு நிறுவனமும் தான் பிரித்தெடுக்கும் முறையையும், ஒரு கிலோவுக்குச் செலவாகும் கரைப்பான், நீர், எரிசக்தி ஆகியவற்றின் அளவையும் பகிரங்கப்படுத்த வேண்டும். அதிகமாக விளைவிக்கும் பாக்டீரியாவைத் தேடுவதற்கே பெரும்பாலும் செல்லும் பொதுப்பணத்தில் நியாயமானதொரு பங்கைப் பிரித்தெடுக்கும் ஆராய்ச்சிக்கும் ஒதுக்குமாறும், இப்போது குளோரோபார்மைக் கையாளும் ஆலைகள் மாற்று முறைக்கு வருவதற்குக் கால வரையறை விதித்து, அதுவரை அங்குள்ள தொழிலாளரின் உடல்நலப் பரிசோதனையை ஆலையின் செலவிலேயே நடத்துமாறும் அரசாங்கத்தை வலியுறுத்துகிறோம்.