'தர்த் ஹை' என்றால் போதுமா?

நம் சங்கத்தில் கச்சேரி முடிந்து காபி வரும் நேரத்தில் கவனித்திருக்கிறேன். பாடகரின் தோடியைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசுவோம். பிறகு பேச்சு முழங்காலுக்கும் முதுகுக்கும் இறங்கிவிடும். யார் எந்த மாத்திரை சாப்பிடுகிறார், அது வெள்ளையா மஞ்சளா, எந்தக் கடையில் தள்ளுபடி என்பதெல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம். "டாக்டரிடம் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டால் மட்டும் பதில் ஒன்றுதான். "வலிக்கிறது என்றேன். எழுதிக் கொடுத்தார்."

நாக்பூரில் இருக்கும் நமக்கு இதில் கூடுதலாக ஒரு சங்கடம். வலியை நாம் தமிழில் அனுபவிக்கிறோம், ஹிந்தியில் சொல்கிறோம். ஊரில் ஒரு பாட்டி வைத்தியரிடம் போனால் "கால் குடையுது, ராத்திரியில் பாதம் எரியுது, காலையில் எழுந்தால் பிடிச்சுக்குது" என்று மூச்சு விடாமல் மூன்று சேதி சொல்வாள். அதே பாட்டி இங்கே மகனுடன் டாக்டரிடம் போனால் மகன் சொல்வது, "டாக்டர் ஸாப், மா கே பைர் மே தர்த் ஹை." மூன்று சேதியும் ஒரு தர்த்தில் அடங்கிவிட்டன. அந்த ஒரு தர்த்துக்கு ஒரு மாத்திரை கிடைக்கிறது.

நம்மிடம் வார்த்தைக்கா பஞ்சம்? குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், இழுப்பு, பிடிப்பு, சுளுக்கு, மதமதப்பு, நோவு. விண்விண் என்று தெறிப்பது வேறு, சுரீர் என்று இழுப்பது வேறு. எங்கே என்று விரல் வைத்துக் காட்ட முடியாமல் உள்ளேயே இருப்பதற்கு 'ஊமை வலி' என்றே பெயர் வைத்திருக்கிறோம். இதெல்லாம் கிராமத்துப் பேச்சு, டாக்டருக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். கனடாவில் மான்ட்ரியால் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் மெல்ஸாக் என்ற பேராசிரியர் இருந்தார். நோயாளிகள் வலியைச் சொல்லப் பயன்படுத்தும் ஆங்கில வார்த்தைகளைத் திரட்டி, 78 வார்த்தைகளை 20 கூட்டங்களாகப் பிரித்து, 1975-ல் ஒரு வினாத்தாளாகவே வெளியிட்டார். உலகமெங்கும் வலி மருத்துவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். எந்த வார்த்தையை நோயாளி பொறுக்குகிறார் என்பதிலிருந்து அது எந்த மாதிரி வலி என்று ஊகிக்க வழி கிடைக்கிறது.

வார்த்தையில் அப்படி என்ன வந்துவிடுகிறது என்பதற்கு என் காலையே சொல்கிறேன். தண்டவாளத்தோடு நடந்து நடந்து வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்றபின் வலது காலில் இரண்டு வலி சேர்ந்து வந்தது. மாடிப்படி இறங்கினால் முழங்காலில் ஒன்று. ராத்திரி படுத்தபின் பாதத்தில் ஒன்று. அது எரிச்சல், நடுநடுவே எறும்பு ஊர்வது போல. போர்வை பட்டாலே தாங்காது. நான் பார்த்த முதல் டாக்டரிடம் இரண்டையும் சொல்லத் தொடங்கினேன். 'பைர்' என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே முழங்கால் எக்ஸ்ரேக்குச் சீட்டு எழுதிவிட்டார். எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிந்தது. அறுபது தாண்டியவர்களில் யாருக்குத்தான் தெரியாது? அஸெக்ளோஃபினாக் மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று. ஆறு மாதம் ஆயிற்று. முழங்கால் கொஞ்சம் கேட்டது, பாதம் கேட்கவே இல்லை. திரும்பப் போய்ச் சொன்னபோது மாத்திரையின் அளவு கூடியது. மூன்றாம் முறை, "உமர் ஹோ கயீ ஹை, அங்க்கிள்" என்றார்.

வயதாகிவிட்டது என்பது வாஸ்தவம். ஆனால் அது நோயின் பெயர் அல்ல. இடது காலுக்கும் அதே வயதுதானே?

பிறகு பார்த்த டாக்டர் ஒரு மராட்டி அம்மையார். எரிகிறதா, மரத்துப் போகிறதா, எந்த நேரத்தில் என்று கேட்டார். "முங்க்யா யேதாத் கா?" என்றார். மராட்டியிலும் அது எறும்பு ஊர்வதுதான்! ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பில் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்றார். அரைகுறையாகத்தான் தெரிந்தது. பத்து வருஷமாக இருக்கும் சர்க்கரை நோய் நரம்பில் கைவைத்திருக்கிறது. நரம்பே கெட்டு வரும் எரிச்சலுக்குச் சாதாரண வலி மாத்திரைகள் அதிகம் உதவாது. அதற்கு அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின், கபாபென்டின், ப்ரிகாபலின் என்று வேறு வகை மருந்துகள் இருக்கின்றன என்று விளக்கினார். எனக்கு அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், இரவில் ஒன்று என்று தொடங்கினார்.

வீட்டில் ஒரே அமர்க்களம். மருமகள் செல்போனில் பார்த்துவிட்டு, "இது மனச்சோர்வுக்கான மருந்து மாமா, உங்களுக்கு எதற்கு?" என்றாள். மருந்து பிறந்தது அதற்காகத்தான். ஆனால் மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட மிகக் குறைந்த அளவில் நரம்பு வலிக்குக் கொடுப்பது பல வருஷ வழக்கம். டாக்டர் இதை முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நான் மாத்திரையைத் தூக்கி எறியவில்லை. சொல்லாமல் எழுதிக் கொடுத்தால் நம்மில் பாதிப் பேர் இரண்டாம் நாளே நிறுத்திவிடுவோம். இன்னொன்றும் சொன்னார்: இது தலைவலி மாத்திரை போல அரை மணியில் கேட்காது, சில வாரம் பொறுத்துத்தான் தெரியும். மூன்றாவது வாரத்தில் எனக்குத் தூக்கம் வந்தது. எரிச்சல் போய்விடவில்லை, பாதியாகியிருக்கிறது. வாய் உலர்கிறது, மலச்சிக்கல் உண்டு. பிராஸ்டேட் தொந்தரவு இருக்கிறதா என்று அவர் முதலிலேயே கேட்டுக்கொண்டார். இருந்தால் இந்த மருந்தில் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். நம் வயது ஆண்கள், கேட்காவிட்டாலும் வெட்கப்படாமல் சொல்லிவிட வேண்டிய விஷயம் இது.

சொல்லாமல் விடுவதன் விலை பெரியது. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவருக்கு இடுப்பு வலி. சீட்டு இல்லாமலே கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் பல வருஷம் சாப்பிட்டார். ரத்த அழுத்தத்துக்கு ஒரு டாக்டர், சர்க்கரைக்கு ஒரு டாக்டர், வலிக்கு மருந்துக்கடைப் பையன். மூவரில் ஒருவருக்கும் மற்ற இருவர் கொடுப்பது தெரியாது. இப்போது வாரத்துக்கு இரண்டு முறை டயாலிஸிஸ். சிறுநீரகம் கெட்டதற்கு வலி மாத்திரை மட்டுமே காரணம் என்று டாக்டர்கள் சொல்லவில்லை, சர்க்கரையும் சேர்ந்துதான் என்கிறார்கள். ஆனால் டெல்மிஸார்டன், ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரையும், நீர் பிரியும் மாத்திரையும், இந்த வலி மாத்திரையும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து என்பது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சமாசாரம். தெரிந்தவரிடம் நாம் சொன்னால்தானே? இங்கே ஒரு உபகதை. நம் நாட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் ஏறக்குறைய அழிந்தே போனதற்குக் காரணம் இதே டைக்ளோஃபினாக்தான். மருந்து கொடுக்கப்பட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து விழுந்தன. மாடுகளுக்கு அதைக் கொடுப்பதை அரசாங்கம் 2006-ல் தடை செய்தது. மனிதனும் கழுகும் ஒன்றல்ல என்றாலும், கடலைமிட்டாய் போல வாங்கித் தின்னும் பொருள் அல்ல அது.

பாரஸிட்டமால் சாது என்று பெயர். அதற்கும் வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் என்ற எல்லை உண்டு. வயதானவர்களுக்கும் ஈரல் கெட்டவர்களுக்கும் டாக்டர்கள் அதற்கும் கீழே நிறுத்துவார்கள். ஜலதோஷ மாத்திரையில் அது இருக்கிறது, வலி மாத்திரைக் கலவைகளிலும் இருக்கிறது. பெயர் வேறு வேறாக இருப்பதால் ஒரே மருந்தை மூன்று பெயரில் விழுங்குகிறோம். மூட்டு வலிக்கென்று விற்கும் பெயரில்லாப் பொட்டலங்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் அகப்பட்டிருக்கிறது. 'மூன்றே நாளில் குணம்' என்பதன் ரகசியம் அதுதான். எனவே டாக்டரிடம் போகும்போது வீட்டிலுள்ள அத்தனை அட்டைகளையும், கஷாயம், சூரணம் உட்பட, ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துச் சென்று மேஜைமேல் வையுங்கள். டாக்டர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கூடவே ஒரு காகிதம். எங்கள் இலாகாவில் 'தண்டவாளம் சரியில்லை' என்று யாராவது எழுதினால் மேலதிகாரி அதைத் திருப்பி அனுப்பிவிடுவார். எந்தக் கிலோமீட்டர், எந்தப் பக்கம், வண்டி எந்த வேகத்தில் போகும்போது, எப்போதிருந்து என்று இருக்க வேண்டும். வலிக்கும் அதே விவரந்தான் வேண்டும். பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பீர்கள் என்று இப்போது டாக்டர்கள் கேட்கிறார்கள். நம்மவர்கள் மரியாதைக்கு "அஞ்சு" என்பார்கள். அந்த அஞ்சில் ஒன்றும் இல்லை. "கோவிலில் பதினைந்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியவில்லை", "ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்கிறேன்", "பேரனைத் தூக்க முடியவில்லை" என்று சொன்னால் டாக்டருக்கு ஒரு அளவு கிடைக்கும். அடுத்த மாதம் பதினைந்து நிமிஷம் முப்பது ஆயிற்றா என்று இருவருமாகப் பார்க்கலாம். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியில் அறவே போக்குவது பல பேருக்கு நடப்பதில்லை. நடமாட்டத்தையும் தூக்கத்தையும் மீட்பதைத்தான் நல்ல டாக்டர்கள் குறியாக வைக்கிறார்கள்.

டாக்டர்களுக்குக் கூட்டம் அதிகம், ஒருவருக்கு ஐந்து நிமிஷம்தான் என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில் 'இந்த மருந்து எதற்கு, எத்தனை நாளில் தெரியும், கேட்காவிட்டால் அடுத்து என்ன, எதைக் கண்டால் நிறுத்த வேண்டும்' என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. கேட்டதற்குக் கோபப்படுகிறவர் என்றால் வேறு டாக்டரைப் பார்ப்பதில் தப்பில்லை என்பது என் அபிப்பிராயம்.

புற்றுநோய் வலி வேறு அத்தியாயம். நம் அன்பர் ஒருவரின் மனைவி கடைசி மூன்று மாதங்கள் துடித்ததை நம்மில் சிலர் பார்த்தோம். மார்ஃபின் என்ற பேச்சு வந்தபோது குடும்பமே பயந்தது, போதைப் பழக்கம் ஆகிவிடுமோ என்று. ரத்லாமிலிருந்து சித்தோர்கட் போகும் பாதையில் மந்த்ஸோர், நீமச் ஸ்டேஷன்கள் வரும். மாசி மாதம் அந்தப் பக்கம் அபினிச் செடிகள் வயல் வயலாகப் பூத்திருக்கும். அரசாங்க உரிமத்தோடு பயிரிடுவது. நீமச்சிலேயே அரசாங்க அபின் ஆலை இருக்கிறது. மூலப்பொருள் விளையும் நாட்டில், 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் ஆஸ்பத்திரிகளில் மார்ஃபின் உபயோகம் வெகுவாகக் குறைந்துபோயிற்று. 1986-ல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு மூன்று படி முறையை வகுத்தபோது மூன்றாம் படியில் வைத்தது மார்ஃபினைத்தான். கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் வலி நிவாரணச் சங்கம் தொடங்கி, வாய்வழி மார்ஃபினை ஒழுங்காகக் கண்காணித்துக் கொடுக்க முடியும் என்று காட்டினார்கள். 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இதை வைத்திருக்க வழி எளிதாயிற்று. ஆகவே அந்த நிலையில் "இங்கே மார்ஃபின் கிடைக்குமா, எங்கே கிடைக்கும்?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டியது குடும்பத்தார்தான். அந்த அம்மாளுக்கு அது கிடைத்தது கடைசி ஒன்பது நாட்கள் மட்டும்.

இதை வைத்து முதுகு வலிக்காரர்கள் மார்ஃபின் கேட்டுக் கிளம்பிவிட வேண்டாம். நெடுநாள் மூட்டு, முதுகு வலிக்கு அந்த வகை மருந்தைத் தாராளமாக எழுதி அமெரிக்கா பட்ட பாடு உலகத்துக்கே தெரியும். டாக்டர் தயங்கினால் நியாயம் இருக்கிறது. டிரமடாலைக்கூட 2018-ல் நம் நாட்டில் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள்.

கடைசியாக நம் வீட்டுப் பெண்களைப் பற்றி. நாற்பது வருஷம் இங்கே குடித்தனம் செய்த மாமிகள் சீதாபர்டியில் கறிகாய்க்காரியிடம் மராட்டியில் வெளுத்து வாங்குகிறார்கள். டாக்டரின் அறையில் மட்டும் கணவர் பேசுகிறார், மாமி தலையை ஆட்டுகிறார். வலி யாருக்கோ அவரே பேசட்டும். வார்த்தை வேண்டுமானால், நான் சேர்த்து வைத்திருப்பவை இவை. எரிச்சலுக்கு ஹிந்தியில் ஜலன், மராட்டியில் 'ஆக் ஹோதே'. ஊசி குத்துவது போலிருந்தால் சுபன். மதமதப்பும் எறும்பு ஊர்வதும் ஜன்ஜனாஹட், மராட்டியில் முங்க்யா. மரத்துப் போனால் ஸுன்ன், மராட்டியில் பதீர். விறைப்பும் பிடிப்பும் அகடன். விண்விண் என்று தெறித்தால் ஹிந்தியில் டீஸ், மராட்டியில் டணகா. விட்டுவிட்டு வரும் நோவுக்கு மராட்டியில் களா. குடைச்சலுக்குச் சரியான சொல் இரண்டு பாஷையிலும் எனக்கு இன்னும் அகப்படவில்லை. தெரிந்த அன்பர்கள், முக்கியமாக அந்த மாமிகள், பத்திரிகைக்கு எழுதினால் பட்டியலை ஒரு பக்கத்தில் அச்சடித்துச் சங்க நூலகத்தில் வைக்கலாம் என்று காரியதரிசியிடம் சொல்லியிருக்கிறேன்.