அடுத்த வீட்டுத் தெய்வம்

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவர்)

எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே ஒரு தூக்குச்சட்டி போய் வந்துகொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் அன்று முறுக்கும் அதிரசமும் இங்கிருந்து அங்கே போகும். இசக்கியம்மன் கொடை முடிந்த மறுநாள் சர்க்கரைப் பொங்கல் அங்கிருந்து இங்கே வரும். அம்மா சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வார்கள். அத்தை படியிறங்கியதும் பொங்கல் கோழிக்குப் போய்விடும். "படைச்சதை நாம திங்கக் கூடாது" என்பது எங்களுக்குச் சிறு வயதுப் பாடம். அவர்கள் மட்டும் நம் முறுக்கைத் தின்கிறார்களே என்று ஒருநாள் கேட்டுக் குட்டு வாங்கினேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் தெருமுனையில் ஒரு நற்செய்திக் கூட்டம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த பேச்சாளர், சுடலையும் இசக்கியும் பேய்கள் என்றும், அவற்றைக் கும்பிடுவோர் பிசாசின் பிள்ளைகள் என்றும் ஒலிபெருக்கியில் முழங்கினார். அத்தை திண்ணையில் பூக்கட்டிக் கொண்டிருந்தார்கள். அவ்வாண்டிலிருந்து தூக்குச்சட்டி வரவில்லை.

என் விசுவாசத்தை நான் காத்துக்கொள்ள, அடுத்த வீட்டுத் தெய்வத்தைப் பேய் என்று ஏச வேண்டுமா? வேண்டியதில்லை என்பதே என் துணிபு. இதைக் கிறிஸ்தவப் பெண்ணாக நின்றே எழுதுகிறேன்.

'பேய்' என்னும் ஏச்சுக்கு நம் நெல்லைச் சீமையில் வயது அதிகம். 1841இல் இடையன்குடிக்கு வந்து, அங்கேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த அறிஞர் கால்டுவெல், 1849இல் நாடார் மக்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர்தம் குலதெய்வ வழிபாடு முழுவதையும் பேய் வணக்கம் என்றே அதில் வகுத்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொடையையும் சாமியாட்டத்தையும் வில்லிசையையும் கண்ணால் கண்டு விரிவாக எழுதி வைத்தவரும் அவரே. பழித்தவரின் ஏடே இன்று ஆராய்ச்சி மாணவர்க்குச் சான்றாகிறது! அந்நூலைக் கண்டு கொதித்தவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தனர். நாசரேத்துப் பகுதியைச் சேர்ந்த சட்டாம்பிள்ளை 1857இல் வெள்ளையர் சபையை விட்டுப் பிரிந்து தனிச் சபை கண்டார். அச்சபை தன் பெயரிலேயே 'இந்து' என்னும் சொல்லைத் தாங்கி நின்றது. பிரிவுக்குக் காரணங்கள் பல. இந்நூல் மூட்டிய மனக்காயமும் அவற்றுள் ஒன்று.

தமிழில் 'பேய்' என்றால் சாத்தானா? முதலாழ்வார் மூவருள் ஒருவர் பேயாழ்வார். காரைக்கால் அம்மையார் தம்மையே பேய் என்று சொல்லிக்கொண்டவர். அடித்துப் பெய்தால் பேய்மழை என்கிறோம். இத்தனை சாயல்கள் உள்ள சொல்லைப் பிடித்து, விவிலியம் கூறும் தீய ஆவிக்குப் பெயராக்கி, அந்தப் பெயரைத் திருப்பி அடுத்த வீட்டுத் தெய்வத்தின் நெற்றியில் ஒட்டிவிட்டோம்.

அத்தெய்வங்கள்தாம் யார்? பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றில், பொருநைக் கரையில் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு மக்கள் வெள்ளம் திரளும். அங்கே பட்டவராயனுக்குக் காணிக்கை என்ன தெரியுமா? செருப்பு! பிராமணனாகப் பிறந்து, அருந்ததியர் குலத்துச் சகோதரிகள் இருவரை மணந்து, மாடு திருட வந்தவர்களோடு போரிட்டு மாண்ட முத்துப்பட்டன்தான் அந்தப் பட்டவராயன். பேராசிரியர் நா. வானமாமலை இக்கதைப்பாடலைப் பதிப்பித்துத் தந்திருக்கிறார். சாதியை மீறியவனையும் அநியாயமாய் மாண்டவர்களையும் மறக்க மனமில்லாத மக்கள் அவர்களுக்குப் பீடம் எழுப்பினார்கள். நான் அப்பீடத்தை வணங்குவதில்லை. ஆனால் அதைப் பேய் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அந்நாளில் ஏழை எளியோரைப் பேயச்சம் ஆட்டிப்படைத்தது பொய்யன்று. உயிர்ப்பலியையும் பேய் வணக்கத்தையும் விடச் சொன்னவர்கள் பாதிரிமார் மட்டுமல்லர். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டரும் அதையே சொன்னார். எங்கள் முன்னோர் திருச்சபையில் சேர்ந்து பெற்றவை எழுத்தும் தலைநிமிர்வும். என் ஆச்சி எழுத்துக் கூட்டிப் படித்த முதல் புத்தகம் விவிலியம். அந்த நன்றியை நான் மறந்தால் இக்கட்டுரை எழுதும் கையே என்னைப் பழிக்கும்.

எனினும் அச்சத்தைப் போக்குவது வேறு. அயலாரை இழிவுபடுத்துவது வேறு. சாயர்புரத்தில் ஊழியம் செய்த ஜி. யு. போப், 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தார். மணிவாசகரின் சிவபக்தியில் ஊறியதால் அவருடைய கிறிஸ்து பக்தி குறைந்துவிட்டதா? அதே சாயர்புரத்தில் தமிழாசிரியராயிருந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். கம்பனில் தோய்ந்த அதே தமிழில்தான் 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். 1894இல் அது நூலாயிற்று. பழைய வீட்டை அவர் கொளுத்திவிட்டு வந்திருந்தால் நமக்கு அக்காப்பியம் கிடைத்திருக்குமா?

இவ்விரு போக்குகளும் தமிழ்நாட்டில் புராட்டஸ்டண்டு ஊழியம் தொடங்கிய நாளிலிருந்தே மோதி வந்தவைதாம். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1713இல் தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி ஒரு பெருநூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். அங்கிருந்த மேலோருக்கு அது பிடிக்கவில்லை. அஞ்ஞானத்தை அழிக்கப் போனவர் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்றனர். நூல் அச்சேற 1867 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வேதம் என்ன சொல்கிறது என்று என் சபைத் தோழியர் கேட்பார்கள். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பத்தாம் அதிகாரம் என் அம்மாவின் பக்கம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். படைத்தது என்று தெரிந்தால் உண்ணாதே என்று அது சொல்கிறது. பேய்கள் என்ற சொல்லும் அங்கே உண்டு. ஆனால் அது உண்பவனின் அடக்கத்தைப் பற்றிய பேச்சு. சபைக்குள் படித்த கடிதம். தெருமுனை ஒலிபெருக்கிக்கு அதில் இடமில்லை. அதே பவுல் ஏதென்சு நகரத்தாரின் முன் நின்றபோது, அவர்களுடைய பலிபீடம் ஒன்றைக் காட்டியே பேச்சைத் தொடங்கினார். அவர்களுடைய புலவர்களையே மேற்கோள் காட்டினார். இது அப்போஸ்தலர் நடபடிகள் பதினேழாம் அதிகாரத்தில் இருக்கிறது. நம் பேச்சாளர்கள் அந்த அதிகாரத்தை ஏனோ மைக்குக்கு முன் திறப்பதில்லை.

இவ்வாண்டுக் கொடைக்கு மறுநாள் காலை, காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு நானே அடுத்த வீட்டுக்குப் போனேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"ஏளா, பேய்ச் சோறு ஒனக்கு எதுக்கு?"

எனக்கு மறுமொழி வரவில்லை. தலைகுனிந்து நின்றேன். அத்தை சட்டியை வாங்கி ஓரமாய் வைத்துவிட்டு, ஓர் இலைத் துண்டில் பொங்கல் வைத்துக் கொடுத்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து தின்றேன். பத்தாம் அதிகாரத்துக்கு நீ என்ன பதில் சொல்வாய் என்று சபைப் பெரியோர் கேட்கக்கூடும். இன்னும் ஆயத்தம் செய்யவில்லை. அம்மாவுக்கோ இச்செய்தியே தெரியாது. இம்மலரைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.